கம்பஸில ஸ்பெஷல் செய்யிறது: தம்பி தங்கச்சியவை அடிக்கடி கேக்கிற கேள்விகள்

ஒவ்வொரு பட்ச்சுக்கும் முதலாம் வருஷ ரிசல்ட் ஒட்டின கையோட எனக்கு மெசேஜ் வரத் தொடங்கிடும், "அக்கா ஸ்பெஷலுக்குப் போடலாமோ, போட்டாக் கிடைக்குமோ, கிடைச்சா என்னால செய்து முடிக்க ஏலுமோ" எண்டு. நான் இலங்கையில ஒரு அரச கம்பஸின்ர விஞ்ஞான பீடத்தில தாவரவியல் ஸ்பெஷல் செய்து முடிச்சு, பிறகு ஒண்டரை வருஷம் அங்கயே டெமோவா, அதாவது லாப் வகுப்புகளில பிள்ளையளுக்கு உதவுற ஆளா, நிண்டனான், அதால ரெண்டு பக்கமும் பாத்திருக்கிறன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதி அனுப்பினதுகளை எல்லாம் இஞ்ச ஒண்டாச் சேத்திருக்கிறன். முதலே ஒண்டு சொல்லோணும், பீடத்துக்குப் பீடம் விதி மாறும், ஒரே கம்பஸிலயே டிபார்ட்மென்டுக்கு டிபார்ட்மென்ட் மாறும், அதால இதை வாசிச்சுப்போட்டு உங்கட பீடத்தின்ர கைநூலையும் கட்டாயம் எடுத்துப் பாருங்கோ.

ஸ்பெஷல் எண்டுறதும் ஹொனர்ஸ் எண்டுறதும் ஒண்டோ?

ஓம், ஒண்டுதான். முந்தி மூண்டு வருஷம் செய்தா ஜெனரல், நாலு வருஷம் ஒரு பாடத்தை ஆழமாச் செய்தா ஸ்பெஷல், தமிழில சிறப்புப் பட்டம் எண்டு சொல்லுவம். 2012 இல இலங்கைத் தகைமைச் சட்டகம் எண்டு ஒண்டு வந்து, அதை 2015 இல திருத்தி, எல்லாப் பட்டத்துக்கும் ஒரு மட்டம் போட்டவை. அதில மூண்டு வருஷப் பட்டம் 5 ஆம் மட்டம், 90 கிரெடிட் (கிரெடிட் எண்டா ஒரு பேப்பருக்குக் குடுக்கிற நிறை). நாலு வருஷ ஹொனர்ஸ் பட்டம் 6 ஆம் மட்டம், 120 கிரெடிட். அதுக்குப் பிறகுதான் சான்றிதழில ஹொனர்ஸ் எண்டு வரத் தொடங்கினது, ஆனா கம்பஸுக்குள்ள இண்டைக்கும் எல்லாரும் ஸ்பெஷல் எண்டுதான் கதைக்கிறம். சீவியில எழுதேக்க மட்டும் உங்கட சான்றிதழில எப்பிடி இருக்கோ அப்பிடியே எழுதுங்கோ, நீங்களா ஒரு பெயர் வைக்காதேங்கோ.

எல்லாப் பீடத்திலயும் போட்டி போட்டுத்தான் எடுக்கோணுமோ?

இல்லை. இஞ்சினியரிங், சட்டம், முகாமைத்துவம் மாதிரி கன கற்கைநெறியள் உள்ளிடேக்கயே நாலு வருஷ ஹொனர்ஸ்தான், நீங்கள் தனியா விண்ணப்பிக்கத் தேவையில்லை. நான் இஞ்ச கதைக்கிறது பெரும்பாலும் கலைப்பீடம், விஞ்ஞான பீடம் பற்றி. அங்கதான் எல்லாரும் ஒண்டா உள்ளிட்டு, பிறகு ஒரு கட்டத்தில கொஞ்சப்பேர் ஸ்பெஷலுக்குப் பிரிஞ்சு போவினம்.

எப்ப எடுப்பினம்?

பொதுவாக் கலைப்பீடத்தில முதலாம் வருஷம் முடிய, விஞ்ஞான பீடத்தில ரெண்டாம் வருஷம் முடிய. ஆனா எடுக்கிற நேரத்தை மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அந்த நேரத்தில டிபார்ட்மென்ட் பாக்கிறது நீங்கள் ஏற்கெனவே எழுதி முடிச்ச பேப்பர்களின்ர ரிசல்ட்டைத்தான். அதாவது விண்ணப்பப் படிவம் கையில வாற நேரம் உங்கட விதியில முக்கால்வாசி முடிஞ்சிடும். முதலாம் வருஷம் முதல் செமஸ்டர், வந்து ஹொஸ்டல் சாப்பாடும் பிடிக்காமல், இங்கிலீஷ் லெக்சரும் விளங்காமல், ஆரோட கதைக்கிறது எண்டும் தெரியாமல் இருக்கிற அந்த மூண்டு நாலு மாசத்திலதான் கனபேருக்கு ஸ்பெஷல் கைவிட்டுப் போறது, அது போனதே அவைக்கு ஒண்டரை வருஷம் கழிச்சுத்தான் தெரிய வாறது.

எனக்கும் இதைச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை. எங்கட வீட்டில கம்பஸ் வாசல் மிதிச்ச முதல் ஆள் நான். முதலாம் வருஷம் சும்மா பாஸ் பண்ணினாக் காணும், மூண்டாம் வருஷம்தான் முக்கியம் எண்டு ஒரு சீனியர் சொன்னவர், நான் அதை அப்பிடியே நம்பிட்டன். அதாலதான் இவ்வளவு நீட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறன்.

என்ன தகுதி கேப்பினம்?

வழமையா மூண்டு விஷயம் பாப்பினம். மொத்த ஜீபிஏ, அதாவது எல்லாப் பேப்பரின்ரயும் சராசரிப் புள்ளி, ஒரு எல்லைக்கு மேல இருக்கோணும், நீங்கள் கேக்கிற பாடத்தில தனியா ஒரு எல்லைக்கு மேல இருக்கோணும், அந்தப் பாடத்தின்ர பேப்பர் ஒண்டிலயும் ஃபெயில் இருக்கக்கூடாது. எல்லாம் இருந்தாலும் இடம் மட்டாத்தான் இருக்கும், ஏனெண்டா விஞ்ஞானத்தில லாப் மேசை, மைக்ரோஸ்கோப், மேற்பார்வைக்கு லெக்சரர் எண்டு எல்லாம் எண்ணிக் கணக்குப் பாத்துத்தான் எடுக்கலாம். அதால "தகுதி இருக்கு" எண்டுறதும் "கிடைக்கும்" எண்டுறதும் வேற வேற. போன ரெண்டு பட்ச்சில கடைசியா எடுபட்டவருக்கு என்ன ஜீபிஏ இருந்தது எண்டு சீனியர்மாரிட்டக் கேளுங்கோ, கைநூலில இருக்கிற எல்லையை விட அதுதான் உங்களுக்கு உதவும். சில பாடத்துக்கு வேற பாடத்தின்ர பேப்பரும் முன்கூட்டிச் செய்திருக்கோணும், அதைக் கவனிக்காமல் விருப்பப் பாடம் தெரிஞ்செடுத்துப்போட்டுப் பிறகு அழுத ஆக்களை எனக்குத் தெரியும்.

ஜீபிஏ எப்பிடி வருது? எனக்கு இன்னும் விளங்கேல்லை.

வெட்கப்படாதேங்கோ, கனபேருக்கு விளங்கிறேல்லை. ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு புள்ளி இருக்கு. ஏ பிளஸும் ஏயும் 4.0, ஏ மைனஸ் 3.7, பீ பிளஸ் 3.3, பீ 3.0, பீ மைனஸ் 2.7, சீ பிளஸ் 2.3, சீ 2.0, சீ மைனஸ் 1.7, டீ பிளஸ் 1.3, டீ 1.0, ஈ எண்டா பூச்சியம். அந்தப் புள்ளியை அந்தப் பேப்பரின்ர கிரெடிட்டால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால பிரிக்கிறது. 3 கிரெடிட் பேப்பரில ஏ மைனஸ், 2 கிரெடிட் பேப்பரில பீ, இன்னொரு 3 கிரெடிட் பேப்பரில சீ பிளஸ் எண்டு வையுங்கோ. 11.1, 6.0, 6.9, கூட்டினா 24, எட்டால பிரிச்சா சரியா 3.0. இதில பாக்க வேண்டியது என்னெண்டா, 3 கிரெடிட் பேப்பரில வழுக்கினா 1 கிரெடிட் பேப்பரில ஏ எடுத்து அதை மூட ஏலாது. படிக்கிற நேரத்தை அந்த நிறையைப் பாத்துப் பிரியுங்கோ.

பட்டத்துக்குக் குடுக்கிற வகுப்புக்கு (கிளாஸுக்கு) எல்லை பொதுவா இப்பிடி: ஃபெர்ஸ்ட் கிளாஸ் 3.70, செகண்ட் அப்பர் 3.30, செகண்ட் லோவர் 3.00, சும்மா பாஸ் 2.00.

எனக்கு இப்ப 3.1 இருக்கு, செகண்ட் அப்பர் வருமோ?

வரும், ஆனா விலை தெரிஞ்சுகொண்டு இறங்குங்கோ. ரெண்டு வருஷம் முடிஞ்சு 60 கிரெடிட்டில 3.1 எண்டா, மிச்சம் 60 கிரெடிட்டிலயும் சராசரி 3.5 எடுத்தாத்தான் கடைசியில 3.3 நிக்கும். அது பீ பிளஸுக்கும் ஏ மைனஸுக்கும் நடுவில ரெண்டு வருஷம் விடாமல் நிக்கிறது. ஏலாத காரியம் இல்லை, ஸ்பெஷலில பிடிச்ச பாடம் மட்டும் எண்டதால கனபேருக்கு அங்க கிரேடு ஏறும்.

ஃபெர்ஸ்ட் கிளாஸ் கதை வேற. 60 கிரெடிட்டில 3.4 இருந்தா மிச்சம் எல்லாத்திலயும் முழு 4.0 எடுக்கோணும். 3.3 இருந்தா 4.1 வேணும், அப்பிடி ஒரு புள்ளியே இல்லை, அதாவது அந்தக் கதவு ரெண்டாம் வருஷத்தோடயே பூட்டுப்பட்டிட்டுது. (சில பீடங்கள் ஸ்பெஷல் பாடத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் பாக்கினம், அங்க கணக்கு மாறும், கேட்டுப் பாருங்கோ.) இதைச் சொல்லேக்க முகம் சுருங்கிப் போறவையைப் பாத்திருக்கிறன், ஆனா தெரியாமல் ஓடுறதை விட தெரிஞ்சு நடக்கிறது நல்லமெண்டு நினைக்கிறன், செகண்ட் அப்பர் எண்டுறது சின்ன விஷயமும் இல்லை.

முதலாம் வருஷம் குழம்பிட்டுது, ஜீபிஏ 2.6. இனிச் சரிவராதோ?

30 கிரெடிட்டில 2.6 எண்டா, மிச்சம் 90 இல சராசரி 3.14 எடுத்தா நாலாம் வருஷ முடிவில 3.0, செகண்ட் லோவர். 3.54 எடுத்தா செகண்ட் அப்பர் கூட. அதால முடிஞ்சுது எண்டு இருக்காதேங்கோ. ஆனா உங்களுக்கு முன்னால நிக்கிற கேள்வி வகுப்பு இல்லை, ரெண்டாம் வருஷம் முடிய அந்தப் பாடத்துக்கு எடுபடுறதுதான். மொத்த ஜீபிஏ உடனே பெரிசா ஏறாது, ஆனா நீங்கள் கேக்கிற பாடத்தின்ர புள்ளியை ரெண்டாம் வருஷத்தில உயர்த்தலாம். அங்க முழுப் பலத்தையும் போடுங்கோ.

ஃபெயில் போன பேப்பரைத் திருப்பி எழுதினா முழுப் புள்ளியும் தருவினமோ?

இல்லை. ரிப்பீட் எண்டா நீங்கள் என்ன எழுதினாலும் அதிகபட்சம் சீ, அதாவது 2.0. எனக்கு முதலாம் வருஷம் கெமிஸ்ட்ரி பேப்பர் ஒண்டில சீ மைனஸ் வந்து, திருப்பி நல்லா எழுதியும் சீயோடதான் நிண்டது, அது கடைசி வரைக்கும் என்ர ட்ரான்ஸ்கிரிப்டில இருக்குது.

அப்ப படிக்காத பேப்பருக்கு, வருத்தம் எண்டு மெடிக்கல் சேர்ட்டிபிக்கட் குடுத்து எழுதாமல் விட்டா?

உண்மையா வருத்தம் எண்டாப் போடுங்கோ, அதுக்குத்தான் அது இருக்கு. மெடிக்கல் ஏற்றுக்கொள்ளப்பட்டா அடுத்த முறை எழுதிறது முதல் தரம் எழுதின மாதிரி, முழுக் கிரேடும் கிடைக்கும். ஆனா அதுக்கு நாள் எல்லை இருக்கு, கம்பஸ் வைத்திய அதிகாரி ஊடாகப் போகோணும், காய்ச்சலோட படுத்திருந்துபோட்டு ரெண்டு கிழமை கழிச்சு ஊரில ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்தா எடுக்க மாட்டினம். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்த ஒரு பிள்ளை, தகப்பனை விட்டுக் கடிதம் குடுப்பிச்சபடியால தப்பினது. படுக்கையில இருந்தாலும் ஆரையாவது அனுப்பி அறிவியுங்கோ.

படிக்கேல்லை எண்டதுக்காக மெடிக்கல் போடுறது, அது பொய் எண்டதை விட்டாலும் உங்களுக்கே நட்டம். அந்தப் பேப்பர் அடுத்த வருஷப் பேப்பர்களோட சேர்ந்து வரும், அதோட ஸ்பெஷலுக்கு ஆக்களை எடுக்கிற நேரத்தில உங்கட ரிசல்ட் முழுசா இல்லாட்டி பெயர் லிஸ்டில வராமலே போகலாம்.

எந்தப் பாடத்தில ஸ்பெஷல் செய்யிறது?

இதைத்தான் எல்லாரும் கடைசியாக் கேக்கினம், முதலாக் கேக்க வேண்டியது இதுதான்.

"எதுக்கு வேலை இருக்கு" எண்டு பாத்துப் போறவை, "எதில ஜீபிஏ கூட இருக்கு" எண்டு பாத்துப் போறவை, "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எங்க" எண்டு பாத்துப் போறவை எண்டு மூண்டு விதமும் பாத்திருக்கிறன். முதல் ரெண்டும் பிழை எண்டு சொல்லமாட்டன், எங்கட பிள்ளையளுக்கு வேலை முக்கியம். ஆனா ஸ்பெஷல் எண்டா ரெண்டு மூண்டு வருஷம், விடிய எழும்பினதில இருந்து படுக்கும் வரை அந்த ஒரு பாடம்தான், மற்றப் பாடத்துக்கு ஓடித் தப்ப ஏலாது. நான் ஒரு சின்னச் சோதினை சொல்லுவன்: அந்தப் பாடத்தில சோதினைக்கு வராது எண்டு தெரிஞ்சும் நீங்களாத் தேடி வாசிச்சது ஏதும் இருக்கோ? இருந்தா அதுக்குப் போங்கோ. எனக்கு அது கண்டல் தாவரம். சின்ன வயசில களப்புக் கரையால போகேக்க சேத்துக்குள்ள இருந்து பென்சில் நட்ட மாதிரி மேல நிக்கிற வேரைப் பாத்து இதென்ன எண்டு யோசிச்சிருக்கிறன், அது மூச்சு வேர், மரம் அதாலதான் காற்று எடுக்குது எண்டு ரெண்டாம் வருஷ லெக்சரில சொன்ன அண்டைக்கே நான் தாவரவியல்தான் எண்டு முடிவெடுத்திட்டன். கெமிஸ்ட்ரிக்குப் போ, வேலை இருக்கு எண்டு சொன்ன ஆக்கள் கனக்க.

நாலாம் வருஷப் பாடத்திட்டத்தை இப்பவே எடுத்துப் பாருங்கோ. ரெண்டாம் வருஷத்தில பிடிச்ச பாடம் நாலாம் வருஷத்தில வேற முகம் காட்டும். உயிரியல் எண்டு வந்தவைக்கு அங்க புள்ளிவிபரவியல் காத்துக்கொண்டிருக்கும், புவியியல் எண்டு வந்தவைக்கு ஜீஐஎஸ் மென்பொருள், பொருளியல் எண்டு வந்தவைக்குக் கணிதம்.

வீட்டில காசு இல்லை. மூண்டு வருஷத்தில வெளிக்கிட்டு வேலைக்குப் போறது நல்லமோ?

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை எழுதி எல்லாருக்கும் அனுப்ப ஏலாது. அப்பா இல்லாத வீடு, தங்கச்சி ஏஎல் படிக்கிறாள், அம்மா தையல் மெசினோட, இப்பிடி இருக்கிற பிள்ளைக்கு "உன்ர கனவைத் துரத்து" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வருஷம் கூட எண்டு சொன்னாலும் எங்கட கம்பஸ்களில அது ஒரு வருஷமா முடியிறது குறைவு, 2020 இல கொரோனா, 2022 இல டீசலும் இல்லை கரண்டும் இல்லை, 2024 இல கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம், இப்பிடி ஒவ்வொரு பட்ச்சும் இழுபட்டது. அதையும் கணக்கில எடுங்கோ.

மற்றப் பக்கம், மகாபொல புலமைப்பரிசில் எடுக்கிறவைக்கு நாலாம் வருஷத்திலயும் அது தொடரும், லெக்சருக்கு 80 வீதம் வந்திருக்கோணும். 2025 பட்ஜெட்டில மகாபொல மாசம் 7500 ரூபாவுக்கும் பர்சரி எண்டுற மற்ற உதவிப்பணம் 6500 ரூபாவுக்கும் ஏறினது. ஒரு போடிங் வாடகைக்கே அது சரியா வராது எண்டு எனக்கும் தெரியும், இருந்தாலும் இல்லாததை விட மேல். ஸ்பெஷல் காரருக்கு ஹொஸ்டல் குடுக்கிற கம்பஸும் இருக்கு, நலன்புரி அலுவலகத்தில கேளுங்கோ, கேக்க வெட்கப்பட்டு விடாதேங்கோ. அதோட வீட்டில கதைச்சுப் பாருங்கோ. நான் என்ர அம்மாவுக்குப் பயத்தில ரெண்டு கிழமை சொல்லாமல் இருந்தனான், சொன்ன உடன அவ கேட்ட ஒரே கேள்வி, "ஒரு வருஷம் கூட எண்டா எவ்வளவு காசு வேணும்" எண்டதுதான். துண்டில எழுதிக் குடுத்தன். அவவுக்கு அந்தக் கணக்குத்தான் தேவைப்பட்டது.

ஜெனரல் செய்தா மதிப்புக் குறைவோ?

இல்லை, இதில எனக்குக் கோபம் வரும். ஸ்பெஷல் கிடைக்காத பிள்ளையை ஏதோ தோத்துப்போன பிள்ளை மாதிரிப் பாக்கிற பழக்கம் கம்பஸுக்குள்ள இருக்கு. ஜெனரல் பட்டமும் முழுப் பட்டம்தான். இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் இருந்தாக் காணும், ஆசிரியரா வாறதுக்கும் மூண்டு வருஷப் பட்டம் காணும், வங்கிக்குப் போறவை, ஐடிக்கு மாறினவை, சொந்தமாத் தொழில் தொடங்கினவை எல்லாம் என்ர பட்ச் ஜெனரல் காரருக்குள்ள இருக்கினம். மூண்டு பாடம் படிச்ச ஒரு ஆள் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறதுக்கு என்னை விடத் தயார். ஆராய்ச்சிப் பக்கம், கம்பஸில படிப்பிக்கிற பக்கம் போகோணும் எண்டாத்தான் வித்தியாசம் பெரிசா வரும்.

அந்த வித்தியாசம் என்ன?

அரச கம்பஸில தகுதிகாண் விரிவுரையாளராச் சேர அந்தப் பாடத்தில ஸ்பெஷல், அதிலயும் ஃபெர்ஸ்ட் கிளாஸ் அல்லது செகண்ட் அப்பர் இருக்கிறதுதான் நேர் வழி. ஜெனரல் காரருக்கும் வழி இருக்கு, ஆனா மேல ஒரு முதுமாணி செய்து சுத்தி வரோணும். எம்ஃபில் மாதிரி ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் 6 ஆம் மட்டம் இருந்தா இலகு. வெளிநாட்டில, முக்கியமா அமெரிக்காவில, நாலு வருஷப் பட்டமும் ஒரு ஆய்வறிக்கையும் இருந்தா மாஸ்டர்ஸ் செய்யாமலே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். அங்க டீச்சிங் அசிஸ்டன்ட் எண்டு எடுத்து ஃபீஸையும் விட்டு மாசம் ஒரு தொகையும் குடுப்பினம், எங்கட நாட்டு விஞ்ஞான பீட ஸ்பெஷல் பிள்ளையள் கனபேர் அப்பிடித்தான் போனவை. ஜிஆர்ஈ எண்டுற நுழைவுப் பரீட்சையைக் கேக்கிறதைக் கன டிபார்ட்மென்ட் விட்டிட்டுது. போறவை போங்கோ, ஆனா அங்க இருந்து கீழ இருக்கிற பட்ச்சுக்கு ஒரு மெசேஜ் போடுற பழக்கத்தை விட்டிடாதேங்கோ.

நாலாம் வருஷம் எவ்வளவு கஷ்டம்?

இலக்கத்தில சொல்லுறன். ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியாலப் படிப்பு எண்டு மேல சொன்ன தகைமைச் சட்டகம் சொல்லுது. அதில லெக்சர் 15 மணித்தியாலம்தான். 3 கிரெடிட் பேப்பர் எண்டா 150, அதில லெக்சர் 45, மிச்சம் 105 மணித்தியாலம் உங்கட தலையில. ஜெனரல் வருஷங்களில அந்த 105 ஐ ஆரும் கேக்காமல் தப்பலாம், பாஸ்ட் பேப்பரும், சீனியர்மார் எடுக்கிற குப்பி வகுப்பும் காப்பாத்தும். நாலாம் வருஷம் தப்ப ஏலாது, ஏனெண்டா பத்துப் பேர் இருக்கிற வகுப்பில லெக்சரர் உங்கட பெயரைச் சொல்லிக் கேள்வி கேப்பார்.

ஆய்வுக்கு ஒரு கிரெடிட் எண்டா 100 மணித்தியாலம். 8 கிரெடிட் புரொஜெக்ட் எண்டா 800. நான் ஆறு மாசம் கிழமைக்கு மூண்டு நாள் களப்புக்குள்ள இறங்கினனான், கயிறு கட்டிச் சதுரம் போட்டு அதுக்குள்ள நிக்கிற கண்டுகளை எண்ணி, வேரைச் சுத்திச் சேறு எடுத்து, உப்பு அளந்து. முதல் ரெண்டு மாசத் தரவும் பிழை, சதுரம் எல்லாம் நடக்க வசதியான இடமாப் பாத்துப் போட்டிருக்கிறன் எண்டு சுப்பவைசர் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிட்டா. திருப்பித் தொடங்கினன். அந்த ரெண்டு மாசம்தான் எனக்கு ஆராய்ச்சி எண்டா என்னெண்டு படிப்பிச்சது, அதுக்கு முதல் பதினாறு வருஷம் நான் மற்றவை கண்டுபிடிச்சதை ஒப்புவிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.

சுப்பவைசரை எப்பிடித் தெரியிறது?

ஆள் நல்லவரோ, புள்ளி போடுவாரோ எண்டு விசாரிக்கிறதோட நிக்காதேங்கோ. போன வருஷம் அவரிட்டச் செய்த பிள்ளை நேரத்துக்கு முடிச்சதோ, எழுதிக் குடுத்ததை எத்தினை நாளில திருத்தித் தந்தவர், இதைக் கேளுங்கோ. உங்கட யோசினையை ஒரு பக்கத்தில எழுதிக்கொண்டு மூண்டாம் வருஷக் கடைசியிலயே போய்க் கதையுங்கோ.

எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் மீடியத்தில ஏஎல் செய்தனான்.

எங்களில கனபேர் அப்பிடித்தான். உயர்தரத்தில ஒளித்தொகுப்பு எண்டு படிச்சதை இஞ்ச வேற பெயரில கேக்கேக்க தலை சுத்தும். முதல் செமஸ்டரில ஒவ்வொரு நாளும் லெக்சர் முடிய வந்து, அண்டைக்கு வந்த புதுச் சொல் பத்தை எடுத்து, தமிழில என்ன எண்டு பக்கத்தில எழுதுங்கோ, விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் புதுசு. எழுதிறதுக்குச் சின்ன வசனமா எழுதிப் பழகுங்கோ. எனக்கு ஒரு மேடம் சொன்னவா, முதல்ல தமிழில யோசிச்சு நாலு வசனத்தில சொல்லு, பிறகு மாத்து எண்டு, அதுதான் எனக்கு வேலை செய்தது. கலைப்பீடத்தில தமிழில ஸ்பெஷல் செய்யிறவையும் இங்கிலீஷ் வாசிப்பை விடாதேங்கோ, நாலாம் வருஷ ஆய்வுக்குத் தேவையான கட்டுரையள் பெரும்பாலும் அதிலதான் கிடக்கு.

குப்பி படிச்சாக் காணுமோ?

பாஸ் பண்ணக் காணும். சீனியர் ஒருத்தர் ராத்திரி இருந்து இலவசமாச் சொல்லித் தாற அந்தக் குப்பி வகுப்பு எங்கட கம்பஸ்களின்ர பெரிய சொத்து, நான் கனக்கப் படிச்சிருக்கிறன், படிப்பிச்சும் இருக்கிறன். ஆனா குப்பியில வாறது போன வருஷம் கேட்ட கேள்வி. ஏ எடுக்கிற பிள்ளை குப்பிக்கு முதல் புத்தகத்தைத் திறந்திருக்கும். நீங்கள் ஒரு பாடத்துக்காவது குப்பி எடுத்துப் பாருங்கோ, சொல்லிக் குடுக்கேக்கதான் எங்க விளங்கேல்லை எண்டு தெரியும்.

களவேலை எண்டா வீட்டில மறிக்கினம், பொம்பிளைப் பிள்ளை எண்டு.

எனக்கும் மறிச்சவை. களத்துக்குத் தனிய விடுறேல்லை, ரெண்டு மூண்டு பேராத்தான் போறது, எங்க போறம் எப்ப வருவம் எண்டு டிபார்ட்மென்டில எழுதி வச்சிட்டுப் போறது. அதை வீட்டில விளக்கிச் சொல்லுங்கோ, ஏலுமெண்டா ஒரு நாள் அப்பாவையோ அண்ணாவையோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. என்ர மாமா ஒருநாள் வந்து வரம்பில குடையோட இருந்து பாத்திட்டு, அடுத்த கிழமை தானே சதுரம் போடக் கயிறு வெட்டித் தந்தவர்.

சேந்த பிறகு செய்ய ஏலாமல் போனா?

கன பீடங்களில, தேவையான கிரெடிட் இருந்தா மூண்டு வருஷப் பட்டத்தோட வெளிக்கிட விடுவினம். ஆனா அதுக்கும் கடிதம், சபை அனுமதி எண்டு நாள் எடுக்கும், அதால மூச்சு முட்டுது எண்டு தெரிஞ்ச உடன மாணவ ஆலோசகரிட்டப் போங்கோ. நித்திரை இல்லாமல், சாப்பிடாமல், ஒருத்தரோடயும் கதைக்காமல் அறைக்குள்ள கிடக்கிற அளவுக்கு விடாதேங்கோ. அப்பிடி ஒரு பிள்ளை எங்கட ஹொஸ்டலில இருந்தவள், நாங்கள் பக்கத்து அறையில இருந்தும் பிந்தித்தான் கவனிச்சம், அவள் பிறகு ஜெனரலோட வெளிக்கிட்டு இப்ப நல்லா இருக்கிறாள். உங்கட அறைத் தோழி ரெண்டு நாள் லெக்சருக்கு வரேல்லை எண்டாப் போய்த் தட்டிப் பாருங்கோ.

விண்ணப்பத்தில விருப்ப ஒழுங்கு கேக்கினம், எப்பிடிப் போடுறது?

உண்மையான விருப்பம் முதலாவது. "அது கிடைக்காது, கிடைக்கிறதை முதல் போடுவம்" எண்டு யோசிச்சு மாத்திப் போட்ட ரெண்டு பேருக்கு, அவை கேட்டது கிடைச்சது, அவை உண்மையா விரும்பின பாடத்தில அந்த வருஷம் இடம் மிச்சம் கிடந்தது. ரெண்டாவது மூண்டாவது தெரிவையும் வெறுமையா விடாதேங்கோ. படிவம் குடுத்த உடன ஒரு பிரதி எடுத்து, வாங்கினவரிட்டத் திகதியோட ஒப்பம் வாங்கி வையுங்கோ.

லிஸ்டில பெயர் வரேல்லை. இனி என்ன செய்யிறது?

அண்டைக்கு ஒண்டும் செய்யாதேங்கோ, சாப்பிட்டுப் படுங்கோ. அடுத்த நாள் காலமை டிபார்ட்மென்டுக்குப் போய் மூண்டு விஷயம் கேளுங்கோ: கடைசியா எடுபட்டவரின்ர எல்லை என்ன, எடுபட்டவையில ஆரும் விலகினா அடுத்த ஆளைக் கூப்பிடுவினமோ, மேன்முறையீட்டுக்கு எத்தினை நாள் இருக்கு. ஒருத்தருக்கு ரெண்டு பாடத்திலயும் கிடைச்சு ஒண்டை விடுறது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது, அப்பிடி மூண்டு கிழமை பிந்திக் கூப்பிட்ட பிள்ளை ஒண்டு எங்கட பட்ச்சில ஃபெர்ஸ்ட் கிளாஸோட வெளிக்கிட்டது. ஃபோன் நம்பரை அலுவலகத்தில சரியா எழுதிக் குடுங்கோ, சிம் மாத்தினா உடன போய்த் திருத்துங்கோ, லெக்சருக்கும் வழமை மாதிரிப் போய்க்கொண்டிருங்கோ.